கடலூர், புதுச்சேரி வீடுகளுக்குக் குறைந்த செலவில் புகையடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லையிலோ மொட்டை மாடியிலோ கறிக்குப் புகை போட்டுச் சமைக்க ஆசைப்படும் நம் ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் தருகிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் பெரிய பெரிய இயந்திரங்களைப் பார்த்து மலைத்துப் போக வேண்டாம். உள்ளே போகும் காற்றை அடக்கத் தெரிந்தால் போதும், சாதாரண இரும்பு டிரம்மிலேயே அருமையாகக் கறி வேகும்.

கிரில்லுக்கும் புகையடுப்புக்கும் என்ன வித்தியாசம்?

கிரில்லில் கறி தணலுக்கு நேர் மேலே, கிட்டத்தில் இருக்கும். சூடு 200 டிகிரி செல்சியசுக்கு மேலே போகும், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். புகையடுப்பில் கறி தணலை விட்டுத் தள்ளி இருக்கும், மூடி மூடியே இருக்கும், சூடு 105 முதல் 125 டிகிரிக்குள் மணிக்கணக்கில் நிற்கும். அந்த மெதுவான சூட்டில்தான் கறியில் இருக்கும் கெட்டியான சவ்வு கரைந்து ஜெலட்டின் ஆகிறது. விரலால் பிய்த்தாலே கறி பிரிந்து வருவதற்குக் காரணம் அதுதான். புகை தருவது மணமும் நிறமும் மட்டுமே.

செய்வதா, வாங்குவதா?

வெல்டிங் பட்டறை பக்கத்தில் இருந்து, நல்ல டிரம்மும் கிடைத்தால் செய்துகொள்ளுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே விலைக்கு ரெடிமேடாகக் கிடைக்கும் மெல்லிய தகர ஸ்மோக்கரைவிட அது பல மடங்கு நன்றாக உழைக்கும். நல்ல டிரம் கிடைக்கவில்லையா, செய்யாதீர்கள். அப்போது உருண்டை மூடி போட்ட கரி கிரில் ஒன்று வாங்குவதே மேல்.

எந்த டிரம்மை வாங்கலாம்?

இந்தப் பக்கத்தில் மற்றதை மேலோட்டமாகப் படித்தாலும், இந்தப் பதிலை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே ரசாயன ஆலைகள் நிறைய. காயலான் கடையில் பளபளவென்று, சல்லிசாகக் கிடைக்கும் 200 லிட்டர் டிரம்மில் நேற்றுவரை என்ன இருந்தது என்பது கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். பூச்சிமருந்து, சாயம், கரைப்பான் எதுவாகவும் இருக்கலாம். ரசாயனம் பட்ட காலி டிரம்மை 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளே கழிவுப் பட்டியலில்தான் வைத்திருக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும், எரித்தாலும் அதைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. நாம் ஆசையாகச் சமைப்பது வீட்டுப் பிள்ளைகளுக்கு. இதில் சமரசமே வேண்டாம்.

"அண்ணே, இதுல முன்னாடி என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். "எல்லாம் நல்ல டிரம்தான் சார்" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். பக்கவாட்டில் லேபிள் இருக்க வேண்டும், அதைப் படிக்கவும் முடிய வேண்டும். லேபிளைச் சுரண்டியிருந்தாலோ, புதுப் பெயின்ட் அடித்திருந்தாலோ தொடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மாம்பழக் கூழ் வந்த டிரம். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளிலிருந்து கூழ் ஒரு பெரிய பைக்குள் அடைபட்டு, அந்தப் பை டிரம்முக்குள் வைக்கப்பட்டு வரும். இரும்பில் எதுவும் பட்டிருக்காது. மேல்மூடி முழுதாகக் கழன்று வந்து வளையத்தால் பூட்டும் வகை என்பதால் டிரம்மை அறுக்கும் வேலையும் இல்லை. ஜூஸ், ஜாம், ஐஸ்கிரீம் தயாரிக்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். அடுத்ததாகச் சமையல் எண்ணெய் வந்த டிரம்.

பழைய கேஸ் சிலிண்டர், ஃபிரிட்ஜ், ஜி.ஐ. தகடு இவற்றில் செய்யலாமா?

மூன்றும் வேண்டாம். வீட்டு சிலிண்டர் நம்முடையதே அல்ல; டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவோடு அறுத்தால் உயிர் போகும். ஃபிரிட்ஜின் உள்புறம் பிளாஸ்டிக், அதற்குப் பின்னால் ஃபோம். சூடு பட்டால் இரண்டுமே நச்சுப் புகை விடும். ஜி.ஐ. தகட்டில் இருப்பது துத்தநாகப் பூச்சு. அது 420 டிகிரி அளவில் உருகும், கரி கனலும் இடத்தில் அந்தச் சூடு தாராளமாக வரும். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் வலையைக் கம்பித் தட்டாக வைத்துக் கறியை அதன் மேலேயே போடுகிறார்கள். அதுவும் இதே பூச்சுதான். தவிர்த்துவிடுங்கள்.

டிரம்மில் என்னென்ன வேலை செய்ய வேண்டும்?

பட்டறையில் கொடுத்தால் அரை நாள் வேலை. 200 லிட்டர் டிரம் ஏறக்குறைய 88 செ.மீ. உயரமும் 57 செ.மீ. விட்டமும் இருக்கும். அடியிலிருந்து 5 செ.மீ. மேலே, சுற்றிலும் சம இடைவெளியில் முக்கால் இன்ச் துளை மூன்று போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு சின்னத் தகட்டை ஒற்றை போல்ட்டில் மாட்டி, விரலால் நகர்த்தித் திறந்து மூடும்படி வைக்க வேண்டும். அடுப்பை நடத்துவது முழுக்க முழுக்க இந்த மூன்று துளைகள்தான். அதனால் தகடு டிரம்மோடு ஒட்டி உட்கார்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

மூடியில் 2 இன்ச் துளை ஏற்கெனவே இருந்தால் அதுவே புகைபோக்கி. இல்லாவிட்டால் அரை இன்ச் துளை எட்டு போட்டால் போதும். மூடியின் உள்விளிம்பில் ஓடும் ரப்பர் வளையத்தை உருவி எறிந்துவிடுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, முதல் நெருப்பிலேயே டயர் எரிந்த நாற்றம் வருகிறது என்று முழிப்பார்கள்.

கரிக்கூடையை ஜாலி போட்ட இரும்புத் தகட்டில் 40 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்துக்கு உருட்டிச் செய்யலாம். சாம்பல் கீழே உதிர்ந்தாலும் காற்று அடைபடாமல் இருக்க, கூடைக்கு நாலு விரல் உயரத்துக்குக் கால் வேண்டும். டிரம் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே நான்கு போல்ட் அடித்து, அதன் மேல் கம்பித் தட்டு. தட்டை மட்டும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பியில் போடுங்கள். இங்கே காசைப் பார்க்காதீர்கள். உணவு படும் ஒரே இடம் அதுதான், உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிக்கும் இடமும் அதுதான்.

மூடி கழலாத, மேலே இரண்டு திருகு மட்டும் உள்ள டிரம்மாக இருந்தால் கிரைண்டரில் அறுக்க வேண்டியிருக்கும். எண்ணெய் ஆவி உள்ளே தங்கியிருக்கும். அறுக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். காலி டிரம் வெடித்து ஆட்கள் அடிபடுவது உண்மையாகவே நடக்கிறது.

உள்ளே இருக்கும் பூச்சை எரிக்க வேண்டுமா?

கட்டாயம். உணவு டிரம்மிலும் உள்ளே மெல்லிய பூச்சு இருக்கலாம், வெளியே பெயின்ட் இருக்கும். வீடுகளை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் தென்னை மட்டையும் சவுக்கு விறகும் போட்டு, டிரம் கருஞ்சிவப்பாகும் வரை எரியுங்கள். அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு உள்ளே முழுக்கக் கடலை எண்ணெயை மெலிதாகத் தடவி, கறி எதுவும் வைக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் புகை விடுங்கள். இரும்பு தோசைக்கல் பழக்குவது போலத்தான். உள்சுவர் கறுத்து மினுமினுப்பாக மாறினால் சரி. வெளியே சூடு தாங்கும் சைலன்சர் பெயின்ட் அடிக்கலாம், உள்ளே எந்தப் பெயின்ட்டும் கூடாது.

நாங்கள் நாலு பேர்தான். இவ்வளவு பெரிய டிரம் எதற்கு?

அப்படியானால் மண்ணில் செய்யுங்கள். புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அங்கே குயவரிடம் சொல்லி, வாய் அகன்ற, கனமான தொட்டி ஒன்றும் அதன் மேல் கவிழ்க்க அதே வாயளவில் ஒரு சட்டியும் வாங்குங்கள். அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இரண்டு துளை, மேல் சட்டியில் ஒரு துளை வேண்டும். "ஐயா, சூளையில வைக்கிறதுக்கு முன்னாடியே ஓட்டை போட்டுக் குடுத்துடுங்க" என்று கேட்டுவிடுங்கள். சுட்ட பிறகு துளைத்தால் விரிசல் விடும். வண்ணம் பூசியதோ மெருகு ஏற்றியதோ வேண்டாம்.

முதல் சில தடவை சின்னத் தணலில் மெதுவாகச் சூடேற்றுங்கள். சூடாக இருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது. ஒரு கோழி, அரை டஜன் கானாங்கெளுத்தி தாராளமாகப் பிடிக்கும். மண் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கரிச் செலவும் குறைவு. சின்னக் குடும்பத்துக்கு இரும்பைவிட இதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

ரெடிமேடாக வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

மூடி இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். மேலேயும் கீழேயும் காற்றுத் துளைகள், மூடித் திறக்கும் வசதியோடு இருக்க வேண்டும். தகட்டை விரலால் அழுத்தினால் உள்வாங்கக் கூடாது. பக்கவாட்டில் தனி நெருப்புப் பெட்டி ஒட்டிய மலிவு மாடல்கள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மெல்லிய தகட்டில் இணைப்பெல்லாம் ஒழுகும், கடல்காற்று அடித்தால் சூடு நிற்கவே நிற்காது. அந்தக் காசுக்கு 57 செ.மீ. அளவு உருண்டை மூடி கிரில் நல்லது. கரியை ஒரு ஓரமாகக் குவித்து, கறியை எதிர்ப்பக்கம் வைத்து, நடுவில் ஒரு தட்டில் வெந்நீர் வைத்தால் அதுவே புகையடுப்பு.

எந்த விறகு நல்லது?

நம் பக்கத்துக்கு இதில் பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது. கொய்யா, மா இரண்டும் முதல் தரம். இனிப்பான, மென்மையான புகை. கோழிக்கும் மீனுக்கும் இதைவிட வேறொன்று தேவையில்லை. தோப்புகளில் கவாத்து செய்யும் சமயத்தில் கேட்டால் கிளைகளைச் சும்மாவே தருவார்கள். ஆறு மாதமாவது மழை படாமல் காய வேண்டும். இரண்டு துண்டைத் தட்டினால் மொத்தென்று இல்லாமல் கணீரென்று சத்தம் வர வேண்டும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ்காரர்கள் கறிக்குப் புகை போடப் பெருமையாகச் சொல்லும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் ஒரே பேரினம். நிலத்தைக் கெடுத்துவிட்டது என்று நாம் வெட்டித் தள்ளும் மரத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. ஆனால் புகை காரமானது. மணிக்கணக்கில் போட்டால் கசக்கும். ஒன்றிரண்டு துண்டு மட்டும் போடுங்கள், அல்லது கரியாக வாங்கி எரியுங்கள்.

சவுக்கு நின்று எரியும், சூடு நன்றாகத் தரும். எரிபொருளாக வைத்துக்கொண்டு மணத்துக்கு வேறு விறகு போடுங்கள். கொட்டாங்குச்சி சட்டென்று பிடித்து அதிகச் சூடு தரும் என்பதால் பற்றவைக்க நல்லது. இலங்கையிலும் மாலத்தீவிலும் மீனுக்குத் தேங்காய் மட்டையின் புகை போடுவார்கள். நீங்களும் மீனுக்கு ஒரு பிடி காய்ந்த மட்டை போட்டுப் பாருங்கள், அந்த மணமே தனி.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி விறகு நிறையக் கிடைக்கிறது, ஆனாலும் கறிக்கு நான் அதை எடுக்க மாட்டேன். முந்திரிக்கொட்டை ஓட்டில் தோலைப் பொசுக்கும் எண்ணெய் இருக்கிறது, அந்த ஓட்டை மட்டும் ஒருபோதும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். வேம்பு கசக்கும். தைல மரத்தில் எண்ணெய் வாடை. அரளி விஷம். பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை, பழைய கட்டுமரத் துண்டு எதுவும் ஆகாது.

கரி எங்கே வாங்குவது?

தெரு முனையில் நிற்கும் இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு மூட்டை போடுபவரிடமே வாங்கலாம். மூட்டையில் பாதி வெந்த கட்டைகள் இருந்தால் பொறுக்கி ஒதுக்குங்கள், வெள்ளைப் புகை விடுவது அவைதான். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கக் கூடாது. அந்த வாடை கறியில் ஏறினால் போகாது.

விறகைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் வருவது நீராவிதான், புகை அல்ல.

சூடு ஒரே அளவில் நிற்க மாட்டேன் என்கிறதே?

முழுக் கரியையும் ஒரேயடியாகப் பற்றவைத்திருப்பீர்கள். கூடையில் எரியாத கரியை நிரப்பி, இடையிடையே கைப்பிடி அளவு விறகுத் துண்டு மூன்று நான்கு புதைத்து வையுங்கள். தனியே ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் கரியைக் கங்காக்கி, அதை மட்டும் நடுவில் மேலே கொட்டுங்கள். நெருப்பு மெல்லக் கீழே இறங்கிப் போகும். நாலைந்து கிலோ கரி பல மணி நேரம் தாங்கும்.

அடுத்தது துளைகள். மூன்றையும் திறந்து வைத்து ஆரம்பியுங்கள். சூடு 90 டிகிரியைத் தொட்டதும், 120 வரட்டும் என்று காத்திருக்காமல், இரண்டை மூடுங்கள். ஏறிய சூட்டை இறக்குவது கஷ்டம், ஏறும்போதே பிடிப்பது சுலபம். மேல் துளையை மட்டும் எப்போதும் திறந்தே வையுங்கள்.

இப்போது புகையைக் கவனியுங்கள். முதலில் பஞ்சுப்பொதியாக, அடர்ந்த வெள்ளையாக வரும். கண்ணில் பட்டால் எரியும், நாக்கில் கசப்பு தட்டும். இந்த நேரத்தில் கறியை வைத்தால் அதே கசப்பு கறியில் படியும். கால் மணி, அரை மணி நேரத்தில் புகை மெலியத் தொடங்கும். பிறகு பின்னால் இருக்கும் தென்னை ஓலை தெரியும் அளவுக்கு மெல்லிதாகி, வெயிலில் லேசான நீலமாகத் தெரியும். கையை நீட்டி முகர்ந்தால் இனிப்பான விறகு மணம் மட்டும் வரும். கறி வைக்க வேண்டியது அப்போதுதான்.

நம் கரையில் கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து தள்ளும். திறந்திருக்கும் துளை காற்றைப் பார்த்து இருந்தால் சூடு எகிறும். காலையில் மேற்குக் காற்றுக்கு ஏற்றபடி வைத்த டிரம்மை மதியம் அப்படியே விட்டுவிடாமல், கிழக்கே ஒரு தகரமோ நாலு செங்கல்லோ மறைப்பாக வையுங்கள். மூடியை அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். காற்று உள்ளே போனதும் கரி பிடித்துக்கொள்ளும்.

தெர்மாமீட்டர் கட்டாயமா?

ஆமாம். கறிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. மூடியில் பதித்த முள் காட்டுவதை நம்ப வேண்டாம். கடல் மட்டத்தில் இருக்கும் நம் ஊரில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி காட்ட வேண்டும். வாங்கியதும் அதில் வைத்துச் சரிபாருங்கள்.

முதல் தடவை எந்தக் கறி?

பிராய்லர் கோழி. தோலோடு வாங்கி, முதுகெலும்பை வெட்டி எடுத்து, புத்தகம் போல விரித்துப் போடச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு கரைத்து, அதில் முக்கி ஃபிரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். துடைத்துவிட்டு மிளகுத்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள். கோழிக்கு மட்டும் சூட்டை 140 டிகிரி அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தோல் ரப்பராகிவிடும். ஒன்றரை மணி நேரம் போல ஆகும். நெஞ்சின் தடித்த இடத்திலும் தொடையிலும் 74 டிகிரி வந்தால் வெந்தது. நாட்டுக்கோழியைக் குழம்புக்கே விட்டுவிடுங்கள்.

பன்றித் தோள்கறி கிடைத்தால் அதுதான் புகையடுப்புக்கென்றே அமைந்த கறி. மூன்று கிலோ துண்டு 120 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எடுக்கும். உள்ளே 93 டிகிரி வரும்போது எலும்பு தானாகக் கழன்று வரும்.

மட்டன் காய்ந்து போகிறதே?

வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு. தொடையை விட்டுவிட்டு முன்சப்பையை முழுதாகக் கேளுங்கள், சவ்வும் கொழுப்பும் அங்கேதான். இரண்டு மூன்று மணி நேரம் புகை பிடித்த பிறகு, தணலில் வாட்டிய வாழையிலையை இரண்டு சுற்றுச் சுற்றி, வாழை நாரால் கட்டி மறுபடி உள்ளே வையுங்கள். ஈரம் தங்கும், இலை மணமும் ஏறும். இஞ்சி பூண்டு விழுதைத் தடிமனாக அப்பினால் புகை உள்ளே போகாது. உப்பு, மிளகு, சோம்புத்தூள் போதும்.

கறியின் உள்சூடு மணிக்கணக்கில் 70 டிகிரியிலேயே நிற்கிறது. அடுப்பு பழுதா?

இல்லை. கறியின் ஈரம் வியர்த்து ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிறது. பெரிய துண்டுக்கு 65–75 டிகிரிக்குள் இது வரும். பொறுத்திருங்கள், அல்லது வாழையிலையில் சுற்றுங்கள். கரியை அள்ளிக் கொட்டாதீர்கள்.

வெட்டினால் ஓரம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. வேகவில்லையா?

புகையில் இருக்கும் வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்ந்து உண்டாகும் நிறம் அது. நிறத்தைப் பார்க்காமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

புகை போட்ட கறியைக் கருவாடு, உப்புக்கண்டம் போல வெளியே வைக்கலாமா?

கூடாது. கருவாடும் உப்புக்கண்டமும் கெடாமல் இருப்பது நிறைய உப்பினாலும் ஈரம் முழுக்க வற்றுவதாலும். நாம் செய்வது உள்ளே சாறு நிறைந்த, வெந்த கறி. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் இருக்கும்.

30 டிகிரிக்குக் கீழே, வேகவைக்காமல் புகை மட்டும் போடும் முறையையும் சிலர் கேட்கிறார்கள். குளிர்நாட்டு முறை அது. நம் ஊர்க் காற்றே அந்தச் சூட்டைத் தாண்டி நிற்கும். கறி வேகாமலும் குளிராமலும் கிருமி வளரத் தோதான சூட்டில் கிடக்கும். பொட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் நச்சு உருவாகும் ஆபத்தும் உண்டு. வீட்டில் முயலவே வேண்டாம்.

உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே?

தினமும் சாப்பிட்டால், ஆமாம். உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்தது. விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு தணலில் சொட்டி எழும் கரும்புகை கறியில் படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் வைக்கலாமா? மழை வந்தால்?

மாடியில் வைக்கலாம், அடியில் செங்கல் அடுக்கி வையுங்கள். பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருந்தால் வேண்டாம். அடுத்த வீட்டில் துணி காய்கிறதா, கைக்குழந்தை இருக்கிறதா என்று முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மழை பிடித்துக்கொண்டால் எரியும் டிரம்மை வீட்டுக்குள்ளோ, மூடிய கார் ஷெட்டுக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொல்லும். நான்கு பக்கமும் திறந்த கூரைக்குக் கீழே இருந்தால் சரி. இல்லையென்றால் துளைகளை எல்லாம் மூடி அணைத்துவிட்டு, கறியை அடுப்பங்கரையில் ஓவனிலோ குக்கரிலோ முடித்துக்கொள்ளுங்கள். புகை மணம் அதற்குள் ஏறியிருக்கும்.

எத்தனை நாள் உழைக்கும்?

அது சாம்பலைப் பொறுத்தது. சாம்பல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உப்புக்காற்று அதோடு சேர்ந்தால் அடித்தகடு அரித்துப் போகும். சமைத்த மறுநாளே சாம்பலை முழுக்கக் கொட்டிவிடுங்கள். கம்பித் தட்டைச் சூடாக இருக்கும்போதே தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பு டிரம்முக்குள் ஒருமுறை எண்ணெய் தடவி, செங்கல் மேல் ஏற்றி, மேலே தார்ப்பாய் போடுங்கள். தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டாமல், காற்று போக அடியில் ஒரு சாண் விடுங்கள்.